தரையோடு தாழ்ந்த சிறிய காருக்கு எந்த டிராலி ஜாக்கி?

ஞாயிறு மெக்கானிக் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 880 கிலோ எடையுள்ள சிறிய ஹேட்ச்பேக் கார். எனக்கு முன் இதை வைத்திருந்தவர் உயரம் குறைந்த ஸ்பிரிங்குகளைப் பொருத்திவிட்டார். ஓட்டுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்கு அடியில் எதையும் நுழைப்பது பெரும்பாடாக இருக்கிறது. நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்கும்போது அளந்து பார்த்தேன். பக்கவாட்டில் ஜாக்கி வைக்க வேண்டிய இடம் தரையிலிருந்து 120 மி.மீ., முன் பம்பரின் கீழ் விளிம்பு 125 மி.மீ., அதிலிருந்து 700 மி.மீ. உள்ளே இருக்கும் கிராஸ் மெம்பர் (காரின் அடியில் குறுக்காக ஓடும் சட்டம்) 140 மி.மீ. உயரத்தில் இருக்கின்றன.

சக்கரங்களில் உருளும், கைப்பிடியை அடித்தால் ஏறும் 2 டன் டிராலி ஜாக்கி ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. அதை முழுவதும் இறக்கினாலும் அதன் தலை (காரைத் தாங்கும் தட்டு) 135 மி.மீ.க்குக் கீழே போவதில்லை. காரின் ஓரமாகப் போய் நிற்பதோடு சரி. காருடன் வந்த கத்தரி ஜாக்கி நுழைகிறது, ஆனால் அதன் கம்பியைச் சுழற்றும்போது விரல் முட்டிகள் தரையில் உரசித் தோல் கழன்றுவிடுகிறது.

இரண்டு ஜாக்கிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1.5 டன் தாங்கும் அலுமினிய ஜாக்கி: தலை 85 மி.மீ. முதல் 360 மி.மீ. வரை ஏறும், எடை 13 கிலோ. மற்றது 3 டன் தாங்கும் இரும்பு ஜாக்கி: 75 மி.மீ. முதல் 500 மி.மீ. வரை ஏறும், எடை 35 கிலோ. சக்கரங்களை இடம் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, ஆயில் மாற்றுவது ஆகிய மூன்று வேலைகளுக்கு மேல் நான் செய்யப் போவதில்லை. 1.5 டன் போதுமா, அல்லது பாதுகாப்புக்காக 3 டன்னுக்குப் போக வேண்டுமா?

பழைய ஸ்பேனர்

நண்பரே, கேட்பதற்கு முன்பே அளந்து வைத்திருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்துவிட்டது. டன் கணக்கை முதலில் ஒதுக்கிவிடுவோம், ஏனெனில் உங்கள் காருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஜாக்கி ஒருபோதும் முழுக் காரையும் தூக்குவதில்லை. எஞ்சின் முன்னால் இருக்கும் காரில் மொத்த எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு முன் சக்கரங்களின் மீது இருக்கும் என்று வைத்துக்கொண்டால்கூட, முன்பக்கம் முழுவதையும் கிராஸ் மெம்பரில் வைத்துத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் விழுவது 530 கிலோ அளவில்தான் இருக்கும். 1.5 டன் அதற்குத் தாராளம்.

3 டன் ஜாக்கி உங்களுக்குப் பயன்படுமானால், அதற்குக் காரணம் அதன் நீளமும் அது எட்டும் உயரமும்தான். எப்படி என்று உங்கள் அளவுகளை வைத்தே பார்க்கலாம். அலுமினிய ஜாக்கியைக் கிராஸ் மெம்பரில் வைத்து 360 மி.மீ. வரை முழுவதும் ஏற்றினால், 140 போக, அந்த இடம் 220 மி.மீ. உயரும். ஆனால் கார் பின் சக்கரங்களை அச்சாகக் கொண்டு சாய்ந்து எழுவதால், முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பக்கவாட்டு ஜாக்கி இடம் அதே அளவு உயராது. உங்கள் காரின் இரண்டு அச்சுகளுக்கு இடையே 2,400 மி.மீ. தூரம் என்றும், கிராஸ் மெம்பர் முன் அச்சின் நேரே இருக்கிறது என்றும், பக்கவாட்டு ஜாக்கி இடம் அதிலிருந்து 450 மி.மீ. பின்னால் இருக்கிறது என்றும் கொண்டால், அங்கே கிடைக்கும் உயர்வு ஏறக்குறைய 178 மி.மீ. மட்டுமே. ஆக, 120 மி.மீ.இல் இருந்த அந்த இடம் 298 மி.மீ.க்கு வந்து நிற்கும். தூக்கிய காரை இறக்கி நிறுத்தி வைக்கும் தாங்கு ஸ்டாண்டின் மிகக் குறைந்த உயரம் 280 மி.மீ. என்றால் அதை நுழைக்க உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு செ.மீ. கூட இல்லை. ஸ்டாண்டைச் சரியான இடத்தில் வைத்துச் சரிபார்த்துக் காரை மெதுவாக இறக்க இது போதாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எரிச்சலூட்டும்.

சக்கரம் மாற்றுவதற்கும் இதே போன்ற கணக்கு உண்டு. காரின் உடலை உயர்த்தத் தொடங்கியதும் சக்கரம் உடனே தரையை விட்டு எழாது. ஸ்பிரிங் விரிந்து, சக்கரம் தொங்கும் எல்லை வரை தொங்கிய பிறகுதான் எழும். ஆகவே, விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போடும் குறைந்தபட்ச உயரத்தை மட்டும் பார்த்து வாங்குபவர், கடைசியில் டயர் தரையை விட்டு எழாமல் நிற்கும்போதுதான் அதிகபட்ச உயரத்தைத் தேடிப் பார்ப்பார்.

ஜாக்கியின் தலைமேல் வைக்கும் ரப்பர் திண்டு அவசியம் தேவை. பக்கவாட்டில் இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த விளிம்பு கீழ்நோக்கி நிற்கும். ஜாக்கியின் பல் வைத்த இரும்புத் தலை அதை மடக்கிப் பெயிண்டையும் உடைத்தால் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். நடுவில் பள்ளம் வெட்டிய திண்டாக இருந்தால் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும், எடை இருபுறமும் பரவும். 25 மி.மீ. தடிமனுள்ள திண்டு ஜாக்கியின் குறைந்த உயரத்தையும் கூடிய உயரத்தையும் அதே அளவு கூட்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 85 என்பது 110 ஆகும். உங்கள் 120 மி.மீ.க்கு அடியில் அப்போதும் நுழையும்.

கரிக்கை

மேலே சொன்ன கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் புதிய ஜாக்கி வாங்குவதற்கு முன் இரண்டு மரப்பலகைகளை எடுத்து ஒரு முறை முயன்று பாருங்கள் என்பது என் கருத்து. 40 மி.மீ. தடிமன், டயரின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலான அகலம், முன்னும் பின்னும் சரிவாகச் சீவிய முனைகள்: இவ்வளவுதான். முன் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினால் கிராஸ் மெம்பர் 180 மி.மீ.க்கு வந்துவிடும். உங்கள் பழைய 135 மி.மீ. ஜாக்கியின் தலைக்கு அது போதும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக நான் இப்படித்தான் செய்து வருகிறேன். தாழ்ந்த ஜாக்கி ஒன்றை இன்னும் வாங்கவில்லை.

முட்டுக்கட்டை

கரிக்கை ஐயா சொல்வது சரி, ஆனால் ஜாக்கியின் தலை மட்டும் நுழைந்தால் போதாது. தலைக்குப் பின்னால் உடல் இருக்கிறதே! பெரும்பாலான டிராலி ஜாக்கிகள் தலைப்பக்கம் தாழ்ந்தும், பின்னால் பம்பும் கைப்பிடிக் குழாயும் இருக்கும் இடத்தில் உயர்ந்தும் இருக்கும். தலை 700 மி.மீ. உள்ளே போக வேண்டுமென்றால் அந்த உயர்ந்த பகுதியும் பம்பரின் விளிம்புக்கு அடியில் வந்துவிடும். பலகைகள் வைத்த பிறகு நம் நண்பரின் பம்பர் விளிம்பு ஏறக்குறைய 165 மி.மீ.இல் இருக்கும், பழைய ஜாக்கியின் பின்பக்கம் 170 மி.மீ. என்றால் அது பம்பரில் இடித்துக்கொண்டு நிற்கும். எனவே கடையில் அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, தலையின் நுனியிலிருந்து பின்னோக்கி 700 மி.மீ. அளந்து, அந்தத் தூரத்துக்குள் ஜாக்கியின் எந்தப் பகுதி மிக உயரமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் இந்த அளவை அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

கைப்பிடியையும் பாருங்கள். தலை முழுவதும் இறங்கியிருக்கும்போது பம்ப் அடிக்கக் கைப்பிடி மேலும் கீழும் போக இடம் வேண்டும். பம்பர் குறுக்கே நின்றால் முதல் பத்துப் பதினைந்து அடிகள் விரற்கடை அளவே அசையும். இரட்டை பம்ப் உள்ள ஜாக்கியில் எடை விழும்வரை தலை விரைவாக ஏறிவிடும் என்பதால் இந்தச் சிரமம் கொஞ்சம் குறையும்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சதுரக் கற்கள் பாவிய தரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்பக்கத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜாக்கியின் கை வளைவாக எழுவதால் தலை மேலே போகப் போகப் பின்னோக்கியும் நகரும். அதற்கு ஈடாக ஜாக்கி தன் சக்கரங்களில் உருண்டு காருக்கு அடியில் போக வேண்டும். என் ஜாக்கியின் முன் சக்கரம் இரண்டு கற்களுக்கு இடையே இருந்த இடுக்கில் சிக்கியிருந்தது. காரும் நகர முடியாது, ஜாக்கியும் நகர முடியாது; நகர்ந்தது தலை மட்டும்தான். கிராஸ் மெம்பரின் மேல் இரும்பு உரசும் கிரீச்சென்ற ஒலியைக் கேட்டுக் குனிந்து பார்த்தபோது, தட்டின் கால்வாசிதான் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஜாக்கிக்கு அடியில் 12 மி.மீ. பிளைவுட் போடாமல் நான் எதையும் தூக்குவதில்லை. பிளைவுட் போட்டால் காருக்கு அடியில் கிடைக்கும் இடைவெளியில் அந்த 12 மி.மீ.யையும் கழிக்க வேண்டும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

பின்பக்கத்தைத் தூக்கும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. பெரும்பாலான சிறிய கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. அவற்றைத் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் காரைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. கியரில் போட்டு, முன் சக்கரங்களின் இருபுறமும் முட்டுக்கட்டை வைத்த பிறகே தொடங்குங்கள்.

ஞாயிறு மெக்கானிக்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை இன்னும் சில அளவுகளை எடுத்தேன். பஞ்சரானால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக ஒரு முன் சக்கரத்தின் காற்றை முழுவதும் இறக்கினேன். அந்தப் பக்க ஜாக்கி இடம் 120 மி.மீ.இலிருந்து 78 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அலுமினிய ஜாக்கி அப்போது நுழையாது. இரும்பு ஜாக்கி திண்டு இல்லாமல் 3 மி.மீ. இடைவெளியில் நுழையும். அந்த இரும்பு ஜாக்கியின் உடல், தலையிலிருந்து 700 மி.மீ.க்குள் அதிகபட்சம் 155 மி.மீ. இருக்கிறது, எனவே பலகை இல்லாமல் கிராஸ் மெம்பரை எட்ட முடியாது, பலகை இருந்தால் எட்டும்.

ஆகவே 3 டன் இரும்பு ஜாக்கியையும் இரண்டு பலகைகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. 35 கிலோவை டிக்கியில் ஏற்றிக்கொண்டு திரிய முடியாது என்பதால், வழியில் பஞ்சரானால் கத்தரி ஜாக்கிதான் துணை. இரண்டு சந்தேகங்கள் மீதி இருக்கின்றன: ஸ்டாண்டுகளைப் பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் வைப்பதா, வேறு எங்காவது வைப்பதா? புதிய ஜாக்கியின் ஆயிலைப் பற்றிக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பழைய ஸ்பேனர்

முடிவு சரியானதுதான். வழியில் பஞ்சரானால் கத்தரி ஜாக்கியும் நுழையாத நிலை வரலாம். அப்போது அந்தச் சக்கரத்தை மட்டும் நடை வேகத்தில் ஒரு பலகையின் மேல் உருட்டி ஏற்றினால் போதும், எனவே ஒரு பலகையை டிக்கியிலேயே போட்டுவையுங்கள்.

கிராஸ் மெம்பரில் தூக்குவதன் பயனே பக்கவாட்டு ஜாக்கி இடங்கள் இரண்டும் ஸ்டாண்டுகளுக்காகக் காலியாக இருப்பதுதான். ஆனால் நடுவில் தூக்க அனுமதி உண்டா, எந்த இடத்தில் என்பதைக் காரின் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி), கியர்பாக்ஸ், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், காரின் அடித்தகடு ஆகியவற்றில் ஜாக்கியின் தலை படக்கூடாது. ஸ்டாண்டில் பல் பூட்டு உள்ளதைவிட, குறுக்கே இரும்பு ஊசி (பின்) செருகும் வகையை நான் விரும்புவேன். 2020இல் அமெரிக்காவில் ஒரு வணிக நிறுவனம் பல் பூட்டுச் சரியாகப் பொருந்தாமல் ஸ்டாண்டு திடீரென இறங்கக்கூடும் என்று லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்தவற்றில் ஒரு பகுதியையும் வெல்டிங் குறைக்காகத் திரும்பப் பெற நேர்ந்தது. ஊசி வகையில் பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உள்ளே ஒரு ரப்பர் வளையம் கிழிந்தால் ஆயில் வழிந்து தலை இறங்கிவிடும்.

ஆயிலைப் பொறுத்தவரை, புதிய ஜாக்கி பஞ்சு போல அமுங்கினாலோ, பாதியில் ஏறாமல் நின்றாலோ, உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். இறக்கும் வால்வைத் திறந்துவைத்துக்கொண்டு கைப்பிடியைப் பத்துப் பன்னிரண்டு முறை முழுவதுமாக அடித்து, பிறகு வால்வை மூடி, எடை இல்லாமல் மேலே ஏற்றிப் பாருங்கள். குறைந்திருந்தால் ஜாக்கிக்கான ஹைட்ராலிக் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். கையில் கிடைத்தது என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊறிக் கெட்டுவிடும். வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து காரை எவ்வளவு மெதுவாக இறக்க முடிகிறது என்பதை, அடியில் எதுவும் இல்லாதபோது முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். சில ஜாக்கிகளில் அந்த வால்வு முதல் தொடுதலிலேயே பொத்தென்று இறக்கிவிடும். அப்படிப்பட்டதாக இருந்தால் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.