ஜிம்மி கார்ட்டரை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் அரசியல், ஈரான் பணயக்கைதிகள், 1980 தேர்தலில் ரீகனிடம் தோற்றது எல்லாம் அவர் இறந்தபோதே பத்திரிகைகளில் வேண்டிய மட்டும் வந்துவிட்டது. நேரில் பார்த்ததை எழுதுவோம். நானே தொடங்குகிறேன்.

அட்லாண்டாவிலிருந்து தெற்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் பிளெயின்ஸ், அவர் சொந்த ஊர். சில நூறு பேர்தான் இருக்கும் ஊர், சுற்றிலும் கடலைக்காடு. கார்ட்டரின் சிரிப்போடு ஒரு பெரிய நிலக்கடலைச் சிலை வேறு சாலையோரம் நிற்கும். அங்கே மரனாதா பாப்டிஸ்ட் சர்ச்சில் ஞாயிறுதோறும் பைபிள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் போகலாம், டிக்கெட் கிடையாது. ஆனால் விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் கோட்டு.

மோப்ப நாய், பை சோதனை எல்லாம் முடிந்து உட்கார்ந்ததும், ஒரு பெண்மணி எங்களை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆக்கிவிட்டார். கைதட்டக் கூடாது, கைகுலுக்க நீட்டக் கூடாது, போட்டோவுக்கு நிற்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. அப்புறம் கார்ட்டர் வந்தார். பாடத்துக்கு முன்னால் யார் எந்த ஊர் என்று வரிசை வரிசையாகக் கேட்டார். அவர் அம்மா லில்லியன் 68 வயதில் அமெரிக்காவின் பீஸ் கோர் (Peace Corps) என்ற தன்னார்வத் தொண்டர் அமைப்பில் சேர்ந்து, மும்பை விக்ரோலியில் நர்ஸாக இருந்தவர். அதைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று போன நான் "இந்தியா" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்!

காணிக்கைத் தட்டு கைமாறி வந்தபோது அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மரத்தில் கார்ட்டரே கடைந்தது. ஆசாரி வேலை அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, இரண்டாவது தொழில் என்றே சொல்லலாம். போட்டோ எடுக்கும்போது ரோசலின் அம்மையாரும் பக்கத்தில் இருந்தார். 1946-ல் கல்யாணம், 77 வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். ராத்திரி படுக்கும் முன் இருவரும் ஸ்பானிஷ் மொழியில் பைபிள் படிப்பார்களாம், மொழி மறந்துவிடாமல் இருக்க. எனக்கு நோபல் பரிசைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

*

புனேயிலிருந்து: ஆசாரி வேலை என்றீர்களே, அதை நான் பார்த்திருக்கிறேன். 2006-ல் லோனாவ்லா பக்கம் ஏழைக் குடும்பங்களுக்கு கார்ட்டரும் தன்னார்வலர்களும் ஒரே வாரத்தில் நூறு வீடு கட்டினார்கள். எங்கள் ஆபீஸிலிருந்து தன்னார்வலர்களாகப் போயிருந்தோம். ஹாலிவுட் நடிகர் பிராட் பிட் வந்ததால் கூட்டம் அந்தப் பக்கம். 82 வயது கார்ட்டர் இந்தப் பக்கம் வெயிலில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் கேமராவோடு போனால் முகம் கொடுக்க மாட்டார் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

*

டெல்லியிலிருந்து: எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் புளி கரைக்கிறேன். 1978 ஜனவரியில் ஜனாதிபதியாக இங்கே வந்தபோது, தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு அமெரிக்கா எரிபொருள் தரும் விவகாரத்தில் அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய்க்குக் கறாராக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தன் வெளியுறவு அமைச்சரிடம் சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். அதே பயணத்தில் அவர் போன ஹரியானா கிராமம்தான் இன்றைக்கும் கார்ட்டர்புரி.

*

முன்பு தெற்கு சூடானில் இருந்தவர்: நான் அவரைப் பார்த்ததில்லை, நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபடும் அவருடைய கார்ட்டர் மையத்து ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன். நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த நோய்தான் அது. குட்டைத் தண்ணீரோடு உள்ளே போகும் புழு ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் ஆள் காலைக் குட்டையில் வைத்தால் அங்கேயே குஞ்சுகளை விட்டுவிடும். மருந்தில்லை, தடுப்பூசியில்லை. குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும், அறுந்தால் சீழ் பிடித்துவிடும். கையிலிருந்த ஆயுதம் தண்ணீர் வடிகட்டும் துணிதான். மாடு மேய்க்கப் போகிறவர்கள் வடிகட்டி வைத்த குழலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள், குட்டையில் வைத்து உறிஞ்சிக் குடிக்க.

இந்தத் துணியைக் கொடுக்கத்தான் 1995-ல் சூடான் உள்நாட்டுப் போரையே கார்ட்டர் பேசி நிறுத்தினார், கிட்டத்தட்ட ஆறு மாதம். 1986-ல் உலகம் முழுக்க 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், அவர் இறந்த 2024-ல் இருபது பேருக்கும் குறைவு. கடைசிப் புழு தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று 2015-ல் சொல்லியிருந்தார். அது நடக்கவில்லை. நாய்களுக்கும் இந்தப் புழு வருவது தெரிந்த பிறகு வேலை இழுத்துக்கொண்டே போகிறது. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் இப்போது புழு வந்த நாயைக் குட்டையில் இறங்காமல் கட்டி வைப்பவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.