ரெண்டு கல்லூரிக்கும் புலி லோகோ: எப்படிப் பிரிச்சுக் காட்டுறது?

கேள்வி: சேலத்துல எங்க கபடி அணிக்கும் எதிரணிக்கும் புலிமுகம்தான். கேலரியிலிருந்து ஒண்ணாவே தெரியுது. எதை மாத்தலாம்?

பதில் 1: முகத்தையே விட்டுடுங்க. அமெரிக்காவுல கிளெம்சன், ஆபர்ன் பல்கலைக்கழக அணிகள் ரெண்டுமே புலிகள்தான், நிறத்திலும் ரெண்டுக்கும் ஆரஞ்சு உண்டு. ஆனா கிளெம்சனுக்கு 1970 முதல் வலப்பக்கம் சாய்ஞ்ச பாதத்தடம். ஆபர்னுக்குப் பின்னிப்போட்ட ஏ, யு எழுத்துகள். குழப்பமே வராது.

பதில் 2: எம்ப்ராய்டரின்னா 1 மி.மீ.க்குக் குறைஞ்ச கோடு வேண்டாம். நூல் பருமனுக்குப் பக்கத்துக் கோடுகள் ஒட்டிக்கும். மீசையும் வரியும் கறுப்புத் திட்டாயிடும். 2 செ.மீ.க்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில அச்செடுத்துப் பாருங்க.

பதில் 3: விலங்கையே மாத்தலாம்னா ஏற்காட்டுக் காட்டெருமை இருக்கே! மேல்நோக்கி வளைஞ்ச கொம்பு, தோள்மேடு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. ஒரே நிறத்துல நிழலுருவா வரைஞ்சாலும் அடையாளம் தெரியும்.