கொக்கு வெளுத்துப் போகிறதா? கையேட்டின் +1 விதி பற்றி

பறவைப் படம் பிடிக்கக் கையேடு பார்த்துப் பழகுகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது இதைத்தான்: "வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை +1 ஏற்று." அதாவது, கேமரா தானாகக் கணக்கிடும் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், இரண்டு மடங்காக, கூட்டு. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இதை அப்படியே செய்தால், கொக்கின் முதுகில் ஒரு இறகுகூடத் தெரியாது, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். விதியில் தப்பில்லை. பறவை ஃபிரேமை நிறைத்து நின்றால்தான் அது பொருந்தும், அவ்வளவுதான்.

வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளையென்றால் படம் மங்கும், அதற்குத்தான் +1. கரையிலிருந்து 400 எம்எம் லென்ஸில் கொக்கு சின்னதாகத்தான் வரும். மீதியெல்லாம் நீர்க்கடம்பின் கரும்பச்சை. அந்தப் பச்சையை வெளிச்சமாக்கப் போய் மீட்டர் கொக்கை வெளுக்க வைத்துவிடும். அங்கே −1 வையுங்கள். பின்னணி நிழலாக இருந்தால் −1.7 வரைகூடப் போகலாம்.

* * *

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இது சரி. பறக்கும்போது வானம், மரம், தண்ணீர் என்று பின்னணி மாறிக்கொண்டே இருக்கும், பறவைமேல் விழும் வெயில் மாறாது. அதற்கு எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல்தான். கையேட்டில் பலரும் புரட்டிவிட்டுப் போகும் 'சன்னி 16' பக்கம் இங்கே உதவும்: நல்ல வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப்/16, ஷட்டர் 1/ஐஎஸ்ஓ நொடி (ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன் எண்). ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப்/16-க்கு 1/400; நான்கு மடங்கு வெளிச்சம் விடும் எஃப்/8-க்கு 1/1600. வெள்ளைப் பறவைக்கு ஒரு ஸ்டாப் குறைத்து 1/3200. சிறகடிப்பும் உறைந்து நிற்கும்.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: மேனுவலில் வைத்துவிட்டு ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்காமல் விடுவது. அப்போது மீட்டர்தான் இன்னமும் முடிவெடுக்கும், பழையபடி வெளுக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும் விடியற்காலையில் இந்தக் கணக்கு செல்லாது, வெளிச்சம் குறைவு. ஒரு படம் எடுத்து, ஹைலைட் எச்சரிக்கை (திரையில் வெளுத்துப்போன இடத்தைக் காட்டுவது) சிமிட்டுகிறதா என்று பார்த்து ஷட்டரை மாற்றுங்கள்.

* * *

அரிவாள் மூக்கனுக்குத் தலையும் கழுத்தும் கருப்பு, உடம்பு வெள்ளை. வெள்ளைக்கு எக்ஸ்போஷர் வைத்து ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக) எடுங்கள். நிழலில் மறைந்த கண்ணைப் பிறகு வெளிச்சமாக்கிவிடலாம். வெந்துபோன வெள்ளையை மீட்க வழியே இல்லை.

கிளைகளுக்கு நடுவே ஃபோகஸ் முன்னால் இருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்மேல் வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

வெயில் ஏறிய பிறகு எடுத்த படம் ஷட்டர் வேகமாக இருந்தும் குழைந்து தெரிந்தால் லென்ஸைச் சந்தேகப்படாதீர்கள். தண்ணீருக்கு மேலே சூடேறிய காற்று அலைவதுதான் காரணம். டிரைபாடோ, இன்னும் நீளமான லென்ஸோ அதைச் சரிசெய்யாது. கரையை ஒட்டிய மரத்துக்குத் திரும்புங்கள். பறவைக்கும் உங்களுக்கும் இடையிலான காற்றுவெளி குறைந்தால் படம் தெளியும்.