ஒரே படம், ஒரே தியேட்டர், ரெண்டு பக்கமும் வேறு வேறு கைதட்டல்: எந்தக் கோட்பாட்டை எடுப்பது?

திருமங்கலம் மாணவி:
எம்.ஏ. இதழியல் ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன். எங்கள் பக்கத்துத் தியேட்டரில் ஒரு படம். பண்ணையாரை இயக்குநர் வில்லனாகத்தான் காட்டுகிறார், ஆனால் அவர் மீசையை முறுக்கும்போது முன்வரிசையில் ஒரு கூட்டம் விசிலடிக்கிறது. அவர் எதிரே ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அந்தக் கூட்டம் கப்சிப், இன்னொரு பக்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. ஊடகம் சொல்வது ஊசி போட்டதுபோல எல்லோர் மனதிலும் ஒரே மாதிரி இறங்கிவிடும் என்று வகுப்பில் சொன்ன ஊசி மருந்துக் கோட்பாடு இதற்கு உதவவே இல்லை.

சிம்மக்கல் வாசகர்:
உதவாதுங்க. 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹையோவில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்ட் குழு ஆய்வு செய்தபோதே, ஊடகத்தைவிடப் பழகிய மனிதர்களின் பேச்சுதான் அதிகம் எடுபடுகிறது என்று தெரிந்துவிட்டது. நீங்கள் பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலை எடுங்கள், பார்ப்பவர்கள் ஊடகத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று 1973-ல் எழுதியது. சொன்னதை அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதியைத் தன் அனுபவத்துக்கு வளைப்பது, முழுக்க எதிராக வாசிப்பது என மூன்று நிலை. ஆனால் கவனம், ஹால் மனதில் வைத்திருந்தது ஆதிக்கக் கருத்தைச் சுமந்து வரும் தொலைக்காட்சியை. இங்கே படமே ஆதிக்கத்துக்கு எதிராகப் பேசுகிறது, அதை மறுத்து விசிலடிப்பவர்கள்தான் ஊரில் ஆதிக்கம் செய்பவர்கள். எதிர்வாசிப்பு என்றாலே முற்போக்கு என்று எழுதிவிடாதீர்கள், உங்கள் ஆய்வின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அப்புறம் ஹாலின் கருத்தை நேரில் சோதித்துப் பார்த்த ஊடக ஆய்வாளர் டேவிட் மோர்லி, 1980. ஒரு பிபிசி நிகழ்ச்சியைப் பல குழுக்களுக்குப் போட்டுக்காட்டிப் பேசவிட்டார். ஒரே வர்க்கத்துக்காரர்களே வேறு வேறாகப் புரிந்துகொண்டார்கள். அதனால் சாதியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

செல்லூர் அண்ணன்:
தங்கச்சி, மானிடவியலாளர் சாரா டிக்கியைத் தேடிப் படி. 1980-களில் நம்ம மதுரையிலேயே தங்கி ஏழை ரசிகர்களிடமும் ரசிகர் மன்றத்து ஆட்களிடமும் பேசி, 1993-ல் புத்தகமாகப் போட்டவர். நானும் மன்றத்தில் இருந்தவன், அதனால் சொல்கிறேன், விசிலை மட்டும் கணக்கெடுக்காதே. பால்கனியில் முந்தானையை வாயில் வைத்தபடி அசையாமல் பார்க்கும் அத்தைமார் கைதட்டவே மாட்டார்கள், அதற்காக அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றாகிவிடுமா? மறுநாள் வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்லச் சொல். எந்தக் காட்சியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்.

திருமங்கலம் மாணவி:
ரொம்ப நன்றி அண்ணே. கூட்டமாகக் கேட்கவா, தனியாகவா?

செல்லூர் அண்ணன்:
முதலில் தனியாக. சொந்தக்காரர்கள் சுற்றி இருக்கும்போது பண்ணையார் செய்தது தப்பு என்று எவனும் வாய் திறக்க மாட்டான். அப்புறம் அதே ஆட்களைக் கூட்டமாக உட்காரவைத்துக் கேள், ரெண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது.