தாய்லாந்தில் மணிக்கட்டு எக்ஸ்ரே: எடுத்தவர்கள், பார்த்தவர்கள் பகிருங்கள்

எலும்பு மருத்துவர், பாங்காக்
எலும்பு மருத்துவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான இயல்பான மணிக்கட்டு அளவுகள்தான் எனக்கும்: ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) முனையின் பக்கவாட்டுச் சாய்வு ஏறக்குறைய 22 டிகிரி, உள்ளங்கைப் பக்கச் சரிவு 11, உயரம் 11 அல்லது 12 மில்லிமீட்டர். சோங்க்ரான் (தாய்லாந்துப் புத்தாண்டு) விடுமுறை வந்தால், பைக்கிலிருந்து கையூன்றி விழுந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட்டாயிற்று. படத்தில் பார்த்தால் ரேடியஸைவிட அல்னா (சுண்டுவிரல் பக்க எலும்பு) இரண்டு மில்லிமீட்டர் நீண்டு நின்றது. "இன்னும் இழுக்கணுமோ?" என்றார் ஜூனியர். எங்கள் அச்சான் (இங்கே ஆசிரியருக்கு அதுதான் பெயர்) அடிபடாத கையையும் படமெடுக்கச் சொன்னார். அதிலும் அதே இரண்டு மில்லிமீட்டர்! அவருடைய அமைப்பே அப்படி. இங்கே இந்த நீட்சியை நான் அடிக்கடி பார்க்கிறேன். மறு கையைப் பார்க்காமல் பாடப்புத்தக எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

1928-இல் ஸ்வீடனில் ஹுல்டன் என்ற மருத்துவர் எழுதியது எங்களுக்கெல்லாம் பாடம். கீன்பாக் நோய் (மணிக்கட்டின் லூனேட் எலும்பு ரத்தமின்றிச் சிதைவது) வந்தவர்களில் பலருக்கு அல்னா குட்டையாக இருந்ததாம். அது ஸ்வீடன்காரர்களின் கையைப் பார்த்துச் சொன்னது. ஆசியக் கைகளுக்கு அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம்தான்.

எக்ஸ்ரே டெக்னீஷியன்
டாக்டர் சொன்னது சரி, ஆனால் அந்த இரண்டு மில்லிமீட்டரில் எங்கள் பங்கும் இருக்கும். தோளை 90 டிகிரி தூக்கி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கையைத் தட்டில் பதித்தால்தான் முன்கை திருகாமல் நிற்கும். தோள் ஏறாத பாட்டிகள் கையை அப்படியே நீட்டி வைத்துவிடுவார்கள். முன்கை உள்நோக்கித் திரும்பிவிடும், படத்தில் அல்னா நீளமாகத் தெரியும். "யாய், கொஞ்சம் தூக்குங்க" என்று கெஞ்சி, நாற்காலியைத் தாழ்த்தி எடுப்பேன். அவசரப் பிரிவில் இதற்கெல்லாம் யார் நேரம் தருகிறார்கள்? பக்கவாட்டுப் படத்தில் பைசிஃபார்ம் எலும்பின் முன்விளிம்பு ஸ்கேஃபாய்டுக்கும் கேப்பிடேட்டுக்கும் (மூன்றும் மணிக்கட்டின் சிறு எலும்புகள்) இடையில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சரிவை அளப்பதே வீண்.

முய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) பயிற்சி, சியாங் மாய்
எனக்குச் சுண்டுவிரல் பக்கம் வலி. ரிப்போர்ட்டில் "அல்னா பாசிட்டிவ்" (அல்னா நீண்டிருக்கிறது) என்று பார்த்ததும் கை கால் ஓடவில்லை. டாக்டர் சிரித்துவிட்டு மறு கையையும் படமெடுத்தார், அதுவும் பாசிட்டிவ்தான். வலி மட்டும் ஒரே கையில். கையுறை மாட்டிக் குத்தும்போதுதான் வருகிறது. அப்போது இது எதனால்?

எலும்பு மருத்துவர், பாங்காக்
நீளம் இரு கையிலும் ஒன்றுதான் என்றாலும், முஷ்டியை இறுக்கும்போது அல்னா இன்னும் கொஞ்சம் முன்னே வந்து பக்கத்து எலும்பில் முட்டலாம். அங்குள்ள குருத்தெலும்பு கிழிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. முஷ்டி இறுக்கி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வலி விடவில்லையென்றால் எம்.ஆர்.ஐ. பார்த்துவிடலாம். அதுவரை பையில் குத்த வேண்டாம்.