கடைசியாக நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?

டெல்டாக்காரன்:

போன மார்கழியில் நடந்தது. அப்பாவுக்கு 63 வயது. விடியற்காலை ஐந்தரை இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர், அம்மா நீட்டிய காப்பி டம்ளரை வாங்கினார். டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. "என்னங்க?" என்று அம்மா கேட்டதற்கு ஏதோ சொல்லப் பார்த்தார், குழறலாக வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று மடியில் விழுந்தது.

அதற்கப்புறம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. முதலில் தண்ணீர் கொடுத்தோம். புரையேறிக் கண் செருகிவிட்டது. பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டையும் சரியாக வேலை செய்யாது, கொடுக்கிற தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பெரியப்பா, "வாயு பிடிச்சிருக்கு, எண்ணெய் தேய்ங்க" என்றார். பக்கத்து ஊரில் யாருக்கோ புறா ரத்தம் தேய்த்துக் கை கால் வந்துவிட்டதாக மாமா ஒருவர் சொன்னார். என் தம்பி, பி.இ. படித்தவன், பைக்கை எடுத்துக்கொண்டு புறா வாங்கப் போனான். நிஜமாகவே போனான். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

எட்டரைக்கு ஒரு கிளினிக். பிரஷர் பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஒரு மணி நேரம் படுக்கவைத்துவிட்டு "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா இவர் நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?" ஐந்தரை என்றோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகுதான் உட்காரவைத்து விளக்கினார். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாயில் அடைப்பு. அதனால்தான் உடம்பின் வலப்பக்கம் விழுந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடப்பக்க மூளையில்தான், அதனால் அதுவும் போயிற்று. குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. அதை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் பார்க்காமலும் போட முடியாது, ஏனென்றால் அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கசிவாக இருந்து இந்த ஊசியைப் போட்டால் ஆளே போய்விடலாம். பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுப்பார்களாம், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. அப்பாவுக்கு அடைத்தது சின்னக் கிளை, அதற்கும் வழியில்லை.

காரணம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்று பிரஷர் மாத்திரையை எட்டு மாதத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தார். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் வீடுகளில் நடந்ததையும் எழுதுங்கள். 108-க்கு அடிக்காமல் புறா தேடியவர்கள் நாங்கள் மட்டும்தானா என்று தெரியவேண்டும்.

திண்டுக்கல் டீச்சர்:

புறா கதை எங்கள் பக்கமும் உண்டு சார். என் கதை வேறு மாதிரி. காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகமே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது. இடது கண் மூடவில்லை. வீட்டில் அழுகை. கை காலெல்லாம் நன்றாகவே இருந்தது, ஆனாலும் உடனே ஓடினோம்.

டாக்டர் "புருவத்தை மேலே தூக்குங்க" என்றார். இடது நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதைப் பார்த்து அவர் நிம்மதியானதுதான் எனக்கு ஆச்சரியம். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருமாம். அதனால் மூளையில் அடைப்பு என்றால் பொதுவாக நெற்றி தப்பித்துவிடும். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் வருகிற முக நரம்பே வீங்கினால் நெற்றியும் சேர்ந்து போகும். எனக்கு வந்தது இரண்டாவது, முகவாதம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார், மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலனாம். பகலில் கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி இமையை மூடி டேப். இரண்டு மாதத்தில் சிரிப்பு திரும்பியது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததால்தான் வந்தது என்று மாமியார் இன்னும் சொல்கிறார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே நெற்றியைச் சுருக்கிப் பார்த்து முடிவு பண்ணிவிடாதீர்கள். அது டாக்டர் பார்க்கவேண்டிய வேலை.

ஓசூர் ஷிப்ட்:

அண்ணே, எனக்கு 26 வயசு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க கிரிக்கெட், ராத்திரி ஆறு பரோட்டா, படுத்தேன். நாலு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தால் இரண்டு காலும் வரவில்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, கால் மட்டும் அசையவில்லை. ரூம் பசங்க நான் நடிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 1.9. குறைந்தது 3.5 இருக்கணும். மாவுப் பொருளை நிறையத் தின்றால் இன்சுலின் ஏறும், அது ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தைத் தசைக்குள் தள்ளிவிடும், சிலருக்குத் தசை அப்படியே செயலிழந்து நிற்கும் என்றார்கள். கூடவே தைராய்டு பார்த்தால் எக்கச்சக்கமாக எகிறிக் கிடந்தது. உண்மையான திருடன் அதுதான், பரோட்டா மேல் வீண் பழி. ஈசிஜி பார்த்துக்கொண்டே மெதுவாகப் பொட்டாசியம் ஏற்றினார்கள், சாயந்திரம் நடந்தே கேண்டீனுக்குப் போனேன். இதயத் துடிப்பும் கெட்டுப்போகலாமாம், அதனால் பொட்டாசியம் இருக்கிறதே என்று இளநீர் குடித்துவிட்டு வீட்டிலேயே இருக்கிற வேலை வேண்டாம்.

பொள்ளாச்சி அக்கா:

தம்பிகளா, உங்களுக்கெல்லாம் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து ஆறு வருஷம். முதுகெலும்பு உடைந்து உள்ளே தண்டுவடம் நசுங்கியது. விழுந்தவரை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போட்டார்கள். நல்ல மனசோடு செய்தார்கள். பலகையில் படுக்கவைத்து, முதுகு அசையாமல் தூக்கியிருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

கால் வராது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். யாரும் வெளியே பேசாத விஷயம்தான் எங்களைப் படுத்தியது. சிறுநீர் தானாகப் போகாது, மலம் போவது தெரியாது. மூன்றாவது வாரம் புட்டத்தில் புண். படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். வலி தெரிந்தால்தானே மனுஷன் புரண்டு படுப்பான்? அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவேன், ராத்திரியும். தண்ணீர் மெத்தை வாங்கிவிட்டால் புரட்ட வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார், நம்பாதீர்கள்.

அப்புறம் வேலூரில் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். அதை உருவாக்கிய மேரி வர்கீஸ் டாக்டரே 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அங்கேதான் இவர் தானே குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் பழகினார். இப்போது வீட்டு வாசலில் பெட்டிக்கடை. கோபம் மட்டும் குறையவில்லை. சில்லறை இல்லாமல் வருகிறவர்கள் பாவம்.

டெல்டாக்காரன்:

அக்கா, நாங்களும் ஒரு மாதம் அப்பாவை வலது கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினோம். பிசியோதெரபிக்கு வந்த பெண் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டது. செயலிழந்த கையை இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடுமாம், அந்த வலி இன்னும் இருக்கிறது. கோலூன்றி நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதற்குக்கூட ஜாடைதான்.

மாசியில் வீட்டுக்கு எடுத்துவைக்கிற நெல்லைக் களத்தில் மரக்காலால் அளந்துகொண்டிருந்தோம். அப்பா நாற்காலியில் இருந்தார். முதல் மரக்கால் சாக்கில் விழுந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "லாபம்." திரும்பிப் பார்த்தோம். "ரெண்டு... மூணு..." ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி வாழ்நாளெல்லாம் நெல் அளக்க எண்ணிய எண்ணிக்கை அது, யோசிக்காமலே நாக்கில் வந்துவிடும், தனியாக ஒரு சொல்லைத் தேடி எடுப்பது வேறு வேலை என்று பிறகு டாக்டர் சொன்னார். அளக்கிறவர் மரக்காலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்பா இடது கையை ஆட்டினார், நிறுத்தாதே, அள்ளு என்று.