டிஎஸ்3231 ரெஜிஸ்டரை டெர்மினல்ல படிச்சா ஓடிட்டிருக்கற கடிகாரத்துக்கு ஏதும் ஆகுமா?

மோட்டார்ரூம்:
வணக்கம். தோட்டத்து மோட்டார் ரூம்ல ராஸ்பெர்ரி பை 4-ல ஒரு டேட்டா லாகர் ஓடுது, ஓஎஸ் இன்னும் பழைய புல்ஸ்ஐ வெர்ஷன் தான். அங்க நெட் கிடையாது, அதனால நேரத்துக்கு டிஎஸ்3231 ஆர்டிசி (பேட்டரில ஓடற கடிகார சிப்) மாட்டிருக்கேன், இஇப்ராமும் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி சிப்) சேர்ந்தே வருமே அந்த நீல மாட்யூல். கூடவே மோட்டார் அதிர்வு பாக்க எம்பியு6050 சென்சார், ரெண்டுமே ஐ2சி பஸ்ல (சிப்புங்க பேசிக்கற ரெண்டு கம்பி லைன்) ஹெக்ஸ் 68 அட்ரஸ்ல வரும்கறதால இதோட ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டுல கட்டி 69-க்கு மாத்தியாச்சு.

பிரச்சினை என்னன்னா கரண்ட் போயிட்டு வந்தா பை-ல நேரம் பின்னாடி போயிடுது, காலைல போய் மத்தியானம் வந்தாலும் லாக்ல காலை நேரமே தொடருது. பேட்டரியை கழட்டி அளந்தா 3 வோல்ட் இருக்கு. சிப்புக்குள்ள என்ன நேரம் இருக்கு, ஆசிலேட்டர் நின்னுச்சான்னு ரெஜிஸ்டரையே (சிப்புக்குள்ள இருக்கற ஒரு பைட் சேமிப்பிடம்) பாத்துடலாம்னு ஐ2சி டிடெக்ட் (எந்த அட்ரஸ்ல சிப் இருக்குன்னு காட்டற கமாண்ட்) போட்டேன், இஇப்ராமோட 57-ம் 69-ம் நம்பரா வருது, 68 இருக்கற இடத்துல மட்டும் "யுயு"ன்னு வருது, ஐ2சி கெட் (ஒரு ரெஜிஸ்டரை படிக்கற கமாண்ட்) போட்டா டிவைஸ் பிஸின்னு சொல்லிடுது. மைனஸ் எஃப் (பிஸின்னாலும் கட்டாயமா படிக்கற ஆப்ஷன்) சேர்த்தா படிச்சிடும்னு ஒருத்தர் சொல்றார். வெறும் ரீட் தானே, தைரியமா போடலாமா? அப்படியே ஐ2சி டம்ப் போட்டு ரெண்டு சிப்பையும் முழுசா எடுத்து வெச்சுக்கலாமா?

செம்புக்கம்பி:
யுயு-ன்னா அந்த அட்ரஸை கெர்னல் டிரைவர் புடிச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம், சிப்புல கோளாறு இல்ல. மைனஸ் எஃப் போட்டா டிரைவருக்கு தெரியாமலே நீங்க சிப்புகிட்ட பேசுறீங்க. உண்மையை சொல்லணும்னா டிஎஸ்3231-ல படிச்சதும் மாறிப்போற ரெஜிஸ்டர் எதுவும் இல்ல, ஒரு பைட் படிச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா ரெஜிஸ்டர்களை பேங்க்னு தொகுதி தொகுதியா பிரிச்சு, பேங்க் மாத்தி மாத்தி படிக்கற சிப்புங்க இருக்கு, அங்க டிரைவர் ஒரு பேங்க்ல இருக்கும்போது நீங்க நடுவுல பூந்தா ரெண்டு பேருக்குமே தப்பான வேல்யூ தான் வரும், அதனால மைனஸ் எஃப்-ஐ கைப்பழக்கமா ஆக்கிக்காதீங்க.

உங்களுக்கு தேவையானதை டிரைவரே குடுக்கும். ஹெச்டபிள்யூகிளாக் மைனஸ் ஆர் (ஆர்டிசி நேரத்தை படிக்கற கமாண்ட்) போடுங்க, இல்லன்னா சிஸ்எஃப்எஸ்-ல (கெர்னல் விவரங்களை ஃபைலா காட்டற இடம்) ஆர்டிசி0 ஃபோல்டருக்குள்ள டைம்னு ஒரு ஃபைல் இருக்கும், அதை கேட் பண்ணா போதும்.

ஆசிலேட்டர் நின்னுச்சான்னு காட்டற கொடி ஹெக்ஸ் 0எஃப் ரெஜிஸ்டர்ல 7-ஆவது பிட். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, டிரைவர் சிப்புல ஏறும்போதே அந்த பிட்டை பாத்து அணைச்சுட்டு டிமெசேஜ்ல (கெர்னலோட லாக்) "செட் டைம்"னு ஒரு வார்னிங் போட்டுடும், அதனால பூட் ஆன பிறகு அந்த பிட் 0-ன்னு இருந்தா அதை நம்ப முடியாது. முதல்ல அந்த வார்னிங் இருக்கான்னு பாருங்க. பிட்டையே பாக்கணும்னா கான்ஃபிக் ஃபைல்ல ஆர்டிசி ஓவர்லே வரியை (அந்த டிரைவரை ஏத்தற வரி) கமெண்ட் பண்ணி ரீபூட் பண்ணுங்க, யுயு போய் 68-ன்னு வரும், அப்போ ஐ2சி கெட்ல படிங்க. புது சிப்புக்கு முதல் தடவை பவர் குடுத்தா பொதுவா ஹெக்ஸ் 88 வரும், அதாவது நின்ன கொடி மேல இருக்கு.

வைப்ரேஷன்_வேல்:
ரெண்டு சிப்பையும் முழுசா டம்ப் எடுக்கறேன்னு சொன்னீங்களே, எம்பியு6050-ல அதை தயவுசெய்து பண்ணாதீங்க, குறிப்பா லாகர் ஓடிட்டிருக்கும்போது. அதுல ஹெக்ஸ் 74 தான் ஃபிஃபோ (அளவுகள் வந்த வரிசையில காத்திருக்கற இடம்), அதை படிச்சா உள்ள வரிசையில இருக்கற ஒரு பைட் வெளிய வந்துடும், திரும்ப உள்ள போகாது. உங்க ஸ்கிரிப்ட் ஃபிஃபோல இருந்து ஆறு ஆறு பைட்டா எடுக்குதுன்னு வைங்க, நடுவுல ஒண்ணு காணாம போனா அதுக்கு அப்புறம் எல்லா அச்சும் ஒரு பைட் தள்ளி வரும், எர்ரரும் வராது, மோட்டார் தான் பேரிங் போய் ஆடுதுன்னு நினைச்சுட்டு இருப்பீங்க. 3ஏ ரெஜிஸ்டரும் அப்படித்தான், இன்டரப்ட் ஸ்டேட்டஸ், படிச்ச உடனே கிளியர் ஆயிடும். சிப் உயிரோட இருக்கான்னு பாக்க 75 ஒண்ணு போதும், ஹெக்ஸ் 68-ன்னு பதில் வரும் (அட்ரஸை 69-க்கு மாத்தினாலும் இது மாறாது).

டம்ப் எடுத்தே ஆகணும்னா மைனஸ் ஆர் ஆப்ஷன்ல ரேஞ்ச் குடுக்கலாம், டேட்டாஷீட்ல ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் படிச்சா என்ன ஆகும்னு பாத்துட்டு அந்த அளவுக்கு மட்டும் குடுங்க. மைனஸ் ஒய் போடாம ஓட்டுங்க, எந்த பஸ், எந்த அட்ரஸ், எந்த மோட்னு சொல்லிட்டு "போகலாமா"ன்னு கேட்கும், அந்த ஒரு வரியை படிக்கறதே பெரிய பாதுகாப்பு.

இன்னொண்ணு, இதே கமாண்டை பழக்க தோஷத்துல லேப்டாப்ல ஓட்டிடாதீங்க. அங்க 50-ல இருந்து 57 வரைக்கும் ரேம் ஸ்டிக்கோட இஇப்ராம் இருக்கலாம், ஐ2சி செட்ல தப்பா ஒண்ணு எழுதிட்டா மெஷின் பூட்டே ஆகாம போகலாம்னு மேனுவல்லயே எச்சரிச்சிருக்காங்க. எழுதவே வேணாம், பழைய ஐபிஎம் திங்க்பேட்ல இருந்த ஏடி24ஆர்எஃப்08 இஇப்ராம் வெறும் ஸ்கேன்லயே கெட்டுப்போயிருக்கு, ஏன்னா ஐ2சி டிடெக்ட் அனுப்பற குயிக் ரைட் அந்த சிப்புக்கு ஆகல.

மோட்டார்ரூம்:
ரொம்ப நன்றி. டிமெசேஜ்ல "செட் டைம்" வார்னிங் எங்கயும் இல்ல. ஹெச்டபிள்யூகிளாக் சரியான நேரத்தை காட்டுது! ஆனா டேட் கமாண்ட் காலை நேரத்தையே சொல்லுது. ஓவர்லேவை எடுத்துட்டு நேரடியாவும் ஒரு தடவை படிக்கணும், எப்படி படிக்கறது? இன்னொரு விஷயம் இப்போ தான் கவனிச்சேன், கரண்ட் வந்ததும் லாக் எப்பவுமே ஏதோ ஒரு மணி 17 நிமிஷத்துல தான் ஆரம்பிக்குது.

செம்புக்கம்பி:
நேரடியா படிக்கறதுன்னா ஐ2சி கெட்ல ஒவ்வொண்ணா எடுக்காதீங்க. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் வரும்போதும் சிப் அந்த நொடியோட நேரத்தை தனியா ஒரு காப்பி எடுத்து குடுக்கும், 59-ஆவது நிமிஷம் முடியற நேரத்துல தனித்தனியா படிச்சா நிமிஷம் பழசு மணி புதுசுன்னு கலந்து வரும். ஐ2சி டிரான்ஸ்ஃபர்ல 00-ன்னு ஒரு பைட் எழுதி ஏழு பைட் படின்னு ஒரே கமாண்டா குடுங்க, நொடி, நிமிஷம், மணி, கிழமை, தேதி, மாசம், வருஷம்னு வரும். பிசிடி-ல (ஒவ்வொரு ஹெக்ஸ் இலக்கமும் ஒரு டெசிமல் இலக்கம்) இருக்கும், ஹெக்ஸ் 42-ன்னா 42 நிமிஷம், கணக்கு போட வேணாம். யூடிசி-ல வெச்சிருப்பீங்க, அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கங்க.

17 நிமிஷம்னு சொன்னதும் புரிஞ்சுடுச்சு. உங்க ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியன்ல மணிக்கு ஒரு தடவை ஓடற கிரான் வேலை (நேரம் பாத்து தானா ஓடறது) 17-ஆவது நிமிஷத்துல தான் ஓடும், ஃபேக் ஹெச்டபிள்யூகிளாக் அப்போ தான் நேரத்தை ஃபைல்ல எழுதி வைக்கும், பூட் ஆகும்போது அதையே எடுத்து சிஸ்டம் நேரமா வெச்சுடும். உங்க ஆர்டிசி ஒழுங்கா ஓடுது, பை தான் அதுகிட்ட கேட்கவே இல்ல. ஃபேக் ஹெச்டபிள்யூகிளாக் பேக்கேஜை ஆப்ட்ல நீக்கிடுங்க, அப்புறம் யுடெவ் (டிவைஸ் வந்ததும் ஸ்கிரிப்ட் ஓட்டறது) ஃபோல்டர்ல ஹெச்டபிள்யூகிளாக் செட்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும், அதுல சிஸ்டம்டி (பூட்டை நடத்தற புரோகிராம்) இருந்தா வெளிய போயிடுன்னு மேல ஒரு இஃப் இருக்கும், அந்த மூணு வரியையும் கமெண்ட் பண்ணுங்க. ஓவர்லே வரியை மறக்காம திரும்ப போட்டு ரீபூட் பண்ணிட்டு டேட் என்ன காட்டுதுன்னு சொல்லுங்க.

வைப்ரேஷன்_வேல்:
மாட்யூலோட விசிசி (பவர் பின்) 3.3 வோல்ட்டுல தானே இருக்கு? 5-ல மாட்டியிருந்தா உடனே மாத்துங்க, அதோட புல்அப் ரெசிஸ்டர் (பஸ் லைனை மேல இழுத்து வைக்கறது) விசிசிக்கு தான் போகுது, பை பின்னுக்கு 5 வோல்ட் ஆகாது, அதுபோக அந்த நீல போர்டுல சார்ஜிங் சர்க்யூட் வேற இருக்கு, சிஆர்2032 சார்ஜ் பண்ணக்கூடாத பேட்டரி.